இடைவேளை இல்லை என்று போஸ்டர் ஒட்டியவள் எழுதுவது

என் நஸீரா தாத்தாவுக்கு,

விழா முடிந்து இன்றோடு நான்கு நாள். என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. மூன்று நாளும் நான் போட்ட சத்தத்துக்கு அது ஒரு வாரம் லீவு கேட்கிறது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாம் படம் போடும் அறைக்கு ஒரு ஆபத்து வந்தது, அது என்னாயிற்று என்றுதானே முதலில் கேட்பீர்கள்? இப்போது சொல்லமாட்டேன். எந்தப் படத்தின் முடிவையும் முன்கூட்டிக் கேட்டால் நீங்கள் ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா? "பொறுங்க, பொறுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவீர்கள். இந்தத் தடவை நீங்கள் பொறுங்கள்.

ஓரமாக நின்று இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்குறணை நஸீரா என்னைவிட மூன்றே வயது மூத்தவர். கம்பஸில் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பு எடுத்தவர். நான் புசல்லாவைச் சரோஜா, அதே கம்பஸ் நூலகத்தில் படத்தட்டுகளுக்குப் பொறுப்பு. நாங்கள் இருவரும் பதினொரு வருடம் ஒரு திரைப்படக் கழகம் நடத்தினோம். புதன்கிழமை பின்னேரம் ஒரு படம் போடுவோம், அதுதான் கழகம்.

ஸ்பானிஷ் மொழிப் படங்களுக்கென்று ஒரு விழா நடத்த வேண்டும் என்பது உங்கள் ஆசை தாத்தா. ஸ்பானியப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்த உங்கள் நானாவின், அதாவது அண்ணனின், புத்தகங்களை எடுத்துப் படித்தே அந்த மொழியைப் பிடித்தவர் நீங்கள். உங்கள் ஸ்பானிஷும் என் தமிழும் சேர்ந்து மூன்று படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசனம் எழுதினோம். ஒரு வரிக்கு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்த நாட்களும் உண்டு. அந்தச் சண்டைகளில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரே ஒரு சண்டையைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? விழாவுக்கு முதல் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தோம். நான் கொட்டை எழுத்தில் 'இடைவேளை இல்லை' என்று போட்டேன். புதன்கிழமைப் படங்களில் நீங்கள் ஒரு மணித்தியாலம் ஆனதும் நிறுத்தி, விளக்கைப் போட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுப்பதை நான் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன். விழாவிலும் அதைச் செய்தால் வெளியிலிருந்து வருகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஒரு படத்தை எடுத்தவன் நடுவில் தேத்தண்ணி குடிக்கச் சொல்லியா எடுத்தான்?

நீங்கள் அந்த வரியைப் பார்த்தீர்கள். "இது மட்டும் வாணாம் சரோ. நம்மட ஆக்களுக்கு நடுவுல ஒரு நிப்பாட்டு வேணும்" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "வேணும்னு செல்றேன்தானே" என்றீர்கள். மறுபடியும் ஏன் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "அப்படின்னா நீங்க படம் காட்டாதீங்க தாத்தா. கலஹா சந்தியில ஒரு டீக்கடை போடுங்க" என்றேன்.

நீங்கள் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனீர்கள். பதினேழாம் நாள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்து பார்த்தபோதெல்லாம் படம், வசனம், பிள்ளைகளின் பரீட்சை என்று எல்லாம் பேசினோம், அதை மட்டும் நான் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. அக்குறணையில் உங்கள் வீட்டு வாசலில் பெண்களோடு பெண்ணாக நின்று உங்களைக் கடைசியாக அனுப்பிவைத்த அன்றைக்கும் அந்த டீக்கடைதான் என் நெஞ்சில் கிடந்தது. என்னை மன்னித்திருந்தீர்களா, இல்லை மறந்தே போயிருந்தீர்களா?

நீங்கள் போன பிறகு புதன்கிழமைகள் இளைத்துப்போயின. நான் நடத்தினேன், இடைவேளை இல்லாமல்தான். ஆட்கள் குறைந்தார்கள். கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது, அதனால்தான் வருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் புதிதாக வந்த உதவிப் பதிவாளர் நம்முடைய அறையைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நேரான மனுஷன். நீங்கள் தைத்துப் போட்ட பச்சைத் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. பழைய கதிரையள் அடுக்க எனக்கு ஒரு அறை வேணும். உங்கட விழாவின்ரை கடைசி நாள் நானே வந்து இருப்பன். படம் முடியும்வரைக்கும் மண்டபத்தில ஆக்கள் இருந்தினம் எண்டால் அறை உங்களுக்கு. இல்லையெண்டால் எனக்கு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த அறை போனால் கழகம் போகும், கழகம் போனால் இந்தக் கம்பஸில் நீங்கள் இருந்த தடமே போகும். நான் விடுவேனா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை தாத்தா, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நம் நாட்டுக்கும் பொறுப்பான டெல்லி ஸ்பானியத் தூதரகத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு அவர்களால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. டெல்லியிலிருந்து ஒரு அம்மையாரே மூன்று நாளும் வந்து இருப்பதாக ஒத்துக்கொண்டார். உங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் சிங்கள வசனம் எழுதினார்கள். திரையில் மேல் வரி சிங்களம், கீழ் வரி தமிழ். போஸ்டர் மூன்று மொழியில் அடித்து, விடுதிகள், நிர்வாகக் கந்தோர்கள், ஹந்தானைப் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஒட்டினோம். ஒவ்வொன்றிலும் கீழே கொட்டை எழுத்தில் 'இடைவேளை இல்லை. பேச வேண்டாம்.' நீங்கள் இல்லாத வாய்ப்பை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. ஆனால் படம் ஒரு மணித்தியாலம் தாண்டியதும் பின்வரிசைகள் மெல்ல மெல்லக் காலியாவதை நான் கண்டேன். முக்கியமாக விடுதிச் சமையலறைப் பெண்களும் தோட்டவேலை ஆட்களும். போகிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்களுக்குப் பஸ் இருக்கிறது, வீட்டில் உலை இருக்கிறது. இருந்தாலும் மூன்றாம் நாளை நினைத்து, காலியான கதிரைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

மூன்றாம் நாள் படம், நாம் கடைசியாக வசனம் எழுதிய அந்தக் காப்பித் தோட்டத்துப் படம். மலையில் ஒரு தாய். அவள் பிறந்த வீட்டைக் கம்பனிக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லி ஒருவன் தாளோடு வந்து நிற்கிறான். மகளும் கையெழுத்துப் போடு என்கிறாள். தாய் பேனாவை எடுப்பாள், வைப்பாள், பிறகு பார்க்கலாம் என்பாள். உங்களுக்கு மிகப் பிடித்த இடம் நடுவில் வரும். அவள் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது ஊரில் கரண்ட் போய்விடும். திரை முழுக்கக் கறுப்பு. மழைச் சத்தமும் அவள் மேசையில் பேனாவைத் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கறுப்புக்காக நான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். முன்வரிசையில் ஒரு பக்கம் டெல்லி அம்மையார், மறுபக்கம் உதவிப் பதிவாளர், நடுவில் நான். திரை இருண்டது. மழை கேட்டது. பேனா இரண்டு தடவை தட்டியது.

மூன்றாவது தட்டு கேட்கவில்லை தாத்தா. மண்டபத்து விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. பக்கத்துக் கதவுகள் இரண்டும் திறந்தன. பின்னாலிருந்து படம் ஓட்டுகிற நம்முடைய பண்டார ஐயாவின் குரல், பதினொரு வருடம் கேட்ட அதே குரல்: "ஹரி, தே வெலாவ!"

தேத்தண்ணி நேரமாம்! சபை முழுக்க ஒரே ஆளாக எழுந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கரண்ட் போனது, விளக்கு எரிந்தது, ஐயா கூப்பிட்டார், அவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நான் பின்னால் ஓடினேன். ஐயா கணினியையும் நிறுத்திவைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"என்ன ஐயா இது? போஸ்டர் பாக்கலையா?"

"பாத்தது மிஸ். புதன்கிழமை நீங்க சொன்ன மாதிரி போட்டது, ஆனா இது நஸீரா மிஸ்ட விழா தானே. அவங்க எப்பவும் சொல்றது, ஒரு மணித்தியாலம் போனா நல்ல எடம் பாத்து லைட் போடு பண்டார, எண்டு. ரெண்டு நாள் எடம் வரல்ல. இன்னைக்கு நல்ல எடம் தானே மிஸ்?"

வெளியே வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே அதைவிடப் பெரிய அநியாயம். கடைசி வரிசையிலிருந்து படம் பார்த்த விடுதிச் சமையலறை லெச்சுமி அக்கா எனக்கு முன்பே வந்து இரண்டு பெரிய வாளி இஞ்சித் தேத்தண்ணியோடு நின்றார். பின்னால் நான்கு பெண்கள் கோப்பைகளோடு. முதல் இரண்டு நாளும் இதே வாளிகளைக் கொண்டுவந்து காத்திருந்து, விளக்கு எரியாததால் திருப்பி எடுத்துப்போனார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹந்தானை மலையிலிருந்து தூறல் இறங்கிக்கொண்டிருந்தது, கம்பஸ் முழுக்கத் தாழ்வாரத்தில் நின்று ஊதி ஊதிக் குடித்தது. உதவிப் பதிவாளரும் ஒரு கோப்பையோடு தூணில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஹந்தானைப் பஸ்ஸுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம். இவர்கள் இப்படியே படியிறங்கிப் போனால் பழைய கதிரைகளுக்கு அறை கிடைத்துவிடும்.

எல்லோரும் உள்ளே வாங்க என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

எல்லோரும் படத்தைத்தான் பேசினார்கள். ஒரு மாணவி தோட்டவேலைக்காரர் ஒருவருக்குச் சிங்களத்தில் கதையை முதலிலிருந்து சொன்னாள். ஒரு பக்கம் சமையலறைப் பெண்களைச் சுற்றி நான்கு பிள்ளைகள். மகள் செய்தது சரியா பிழையா என்று ஒரு சண்டை. டெல்லி அம்மையாருக்கு உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் ஸ்பானிஷில் மாற்றிச் சொல்ல, அவர் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த லெச்சுமி அக்காவிடம் அவர் கேட்டார், அந்தத் தாய் கையெழுத்துப் போடுவாளா என்று.

லெச்சுமி அக்கா கரண்டியை வைக்காமலே சொன்னார்: "அவ எப்படிங்க போடுவா? அவளுக்கு அந்தப் பேப்பருல என்னா எழுதியிருக்குன்னே தெரியாதே. அவளுக்கு எழுத்து ஓடாதுங்க."

பிள்ளை அதை ஸ்பானிஷில் சொன்னதும் அம்மையாரின் முகம் மாறிவிட்டது. உங்களுக்குத் தெரியும் தாத்தா, எனக்கும் தெரியும், அது படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் வெளியே வரும். அதுவரைக்கும் அந்தத் தாய் யாருக்கும் காட்டிக்கொள்ளமாட்டாள். அதுவரை வந்த வசனம் முழுவதையும் வாசித்த, சபையில் இருந்த மாணவர்கள் ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. வசனம் எழுதியபோது முதல் தடவை நானும் பிடிக்கவில்லை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "பேப்பர எங்கன புடிக்குறா, எப்படிப் பார்க்குறான்னு பாருங்க தங்கச்சி. கண்ணு அதுல நகரவே இல்ல. நானும் அப்படித்தானே புடிப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஓடாது. ஒங்களுக்குத் தெரியாதா? நஸீரா அம்மாவுக்குத் தெரியும். பாதியில நிப்பாட்டுறேன், அப்ப பக்கத்துல நிக்குற புள்ளைங்ககிட்ட கதையக் கேட்டுக்கங்க, யாருக்கும் தெரியாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. நாங்க ஏழெட்டுப் பேரு அப்படித்தான் பார்ப்போம். பொறவுதான் மிச்சப் படம் வெளங்கும்."

தாத்தா, நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு வருடமாக லெச்சுமி அக்கா எல்லோரும் சிரித்து ஒரு மூச்சு கழித்துத்தான் சிரிப்பார். கொஞ்சம் மந்தம் என்று நினைத்தேன். அவர் பக்கத்து ஆளிடம் ஏதாவது கேட்டால் 'உஷ்' என்று சொன்னவள் நான். தமிழில் வசனம் போட்டுவிட்டோம், இனி நம் சனம் எல்லோருக்கும் படம் திறந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவளும் நான்தான். எழுத்து என்றால் எல்லோரும் வாசித்துவிடுவார்கள் என்று ஒரு நூலகக்காரிதான் நினைப்பாள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே, எனக்கே தோன்றவில்லையே.

நான் ஏன், ஏன் என்று கேட்டபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்களே, அதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே இறங்கிவந்திருப்பேன். ஆனால் லெச்சுமி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போயிருக்கும். அதற்காக என்னிடம் டீக்கடைப் பேச்சை வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்தப் பதினேழு நாளில் ஒருநாளாவது உங்கள் வாய் துறுதுறுக்கவில்லையா?

பண்டார ஐயா மணியடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. போகிறவர்கள் போகட்டும், எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தாண்டிச் செருப்புகள் போயின. எல்லாம் உள்ளே போயின. ஹந்தானைப் பஸ் கீழே ஹோன் அடித்துவிட்டு வெறுமையாகத் திரும்பியது. தேத்தண்ணி ஊற்ற மட்டும் வந்த நான்கு பெண்களும் வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, கதைதான் இப்போது தெரிந்துவிட்டதே என்று முன்கதவு வழியாகவே உள்ளே போனார்கள். நான் கடைசியாக உள்ளே போனபோது உட்கார இடம் இல்லை. டெல்லி அம்மையாருக்குப் பக்கத்தில் இருந்த என் கதிரையில் லெச்சுமி அக்கா இருந்தார். சுவரோரம் நின்றுதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

ஐயா படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்தக் கறுப்பை முதலிலிருந்து போட்டார். மழை. பேனா. ஒரு தட்டு, இரண்டு, மூன்று. இந்த முறை மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கடைசிப் பத்து நிமிஷத்தில் அந்தத் தாய் மகளிடம் உண்மையைச் சொன்னபோது, லெச்சுமி அக்கா வாய்விட்டு, "நான்தான் சொன்னேனே!" என்றார். யாரும் உஷ் என்று சொல்லவில்லை. முழு மண்டபமும் கைதட்டியது, டெல்லி அம்மையார் உட்பட.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் உதவிப் பதிவாளர் என்னிடம் வந்தார். "ஓம் மிஸ், அறை உங்களுக்குத்தான். நான் கதிரையள் அடுக்க வேற இடம் பாக்கிறன்" என்றார். இரண்டு அடி போய்த் திரும்பிவந்து, "அந்த இஞ்சித் தேத்தண்ணி புதன்கிழமையளிலையும் கிடைக்குமோ?" என்று கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் உங்களுக்கும் சேர்த்துச் சிரித்தேன், அப்படியே அழுதும்விட்டேன்.

நேற்று அக்குறணைக்குப் போய் உங்கள் உம்மாவிடம் எல்லாம் சொன்னேன். லெச்சுமி அக்கா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தங்கச்சி, எம் பேர மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றிவிட்டேன். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

புதன்கிழமைகள் திரும்பவும் தொடங்குகின்றன. 'பேச வேண்டாம்' அட்டையை நானே கிழித்தேன். ஒரு மணித்தியாலம் ஆனதும் நல்ல இடம் பார்த்துப் பண்டார ஐயா விளக்குப் போடுவார். வாளிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். ஊற்றுகிற வேலை என்னுடையது, லெச்சுமி அக்காவுக்குக் கதை கேட்க நேரம் வேண்டும். ஏன் இந்த இடைவேளை என்று யாராவது என்னைக் கேட்டால், நான் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

டீக்கடை போட்டுவிட்டேன் தாத்தா.

உங்கள் வாய்த்துடுக்குத் தங்கச்சி,
சரோ